மண்பானையின் நுண்துளைகள்

கச்சான் வீசும் மாதங்களில் கல்முனை, மருதமுனைப் பகுதிகளில் மண்பானைத் தண்ணீரின் அருமையை நாம் அறிவோம். பானைச் சுவரின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகிறது. கச்சான் வறண்ட காற்று. ஆதலால் குளிர்ச்சி கூடுகிறது. பானைக்குப் பெயின்ற் பூசினால் துளைகள் அடைபட்டுவிடும்.

வாயுக்களும் இத்தகைய துளைகளூடாகச் செல்லும். பாரம் குறைந்தவை விரைந்து செல்லும் என 1833 இல் ஸ்கொட்லாந்து விஞ்ஞானி தோமஸ் கிரகாம் எடுத்துக்காட்டினார். ஐதரசனின் வேகம் ஒட்சிசனைப்போல் நான்கு மடங்கு. இன்று மில்லிமீற்றரின் ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் சிறிய துளைகளுடைய பீங்கான் மென்சவ்வுகள் செய்யப்படுகின்றன. அங்கே பருமனே முக்கியம்: சிறிய ஐதரசன் நுழையும், பெரிய மூலக்கூறுகள் நின்றுவிடும்.

ஆனால் பானைக்குள் எஞ்சும் நீர் வடிகட்டிய நீரல்ல. குளிர்ந்த நீரெல்லாம் சுத்தமான நீருமல்ல. கிணற்று நீரைக் கொதிக்கவைத்து, ஆறியபின் பானையில் ஊற்றி மூடிவைப்போம்.