எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு

கைலாசபுரத்தில் காய்ச்சல் என்று படுத்தால் அக்கம்பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து மிளகு ரசம் வந்துவிடும். மூட்டு ஆபரேஷன் என்றால் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக ஆள் தயாராக இருப்பார்கள். மனநோய் என்றால் மட்டும் வீட்டுக்காரர்களே வாயைத் திறப்பதில்லை. இது திருச்சி பெல் டவுன்ஷிப்; இங்கே எல்லோருக்கும் ஒரே தொழிற்சாலை, பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய ஒரே பள்ளிக்கூடங்கள், கல்யாண சம்பந்தமும் பல நேரம் அடுத்த செக்டாரோடுதான். அப்பா பாய்லர் பிளான்ட்டில் எந்த ஷாப்பில் வேலை பார்த்தார் என்று சொன்னால் போதும், குடும்பத்தின் ஜாதகத்தையே சொல்லிவிடுவார்கள். அதனால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் பஸ் ஏறித் தில்லை நகருக்குப் போகிறார்கள். அங்கே தெருவுக்குப் பத்து கிளினிக். கண் டாக்டரைப் பார்க்க வந்தேன், பல் டாக்டரைப் பார்க்க வந்தேன் என்று யாரிடமும் சொல்லிக்கொள்ளலாம்.

மருந்துச் சீட்டும் கிடைக்கிறது, மருந்தும் கிடைக்கிறது. வீட்டுக்குத் திரும்பிய பிறகு அந்த மருந்தோடும் நோயோடும் தனியாக இருக்க வேண்டியிருக்கிறது. இந்தத் தனிமையைத்தான் சில வருடங்களாக ஒரு சாதாரண செல்போன் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்து வருகிறது. இதைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்தபோது இந்த வட்டாரத்தில் சிலர் பேச முன்வந்தார்கள். பெயர், வேலை, தெரு எதுவும் வரக்கூடாது என்பது அவர்களுடைய நிபந்தனை. அது நியாயமான நிபந்தனை.

அவர்கள் இருப்பது ஒரு வாட்ஸ்அப் குழு. எல்லோருமே மனநோய்க்குச் சிகிச்சை எடுப்பவர்கள். டாக்டர் இல்லை, குடும்பத்தார் இல்லை. அங்கே அதிகம் வருகிற வாக்கியம் எது என்று கேட்டேன். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்றார் ஒரு பெண். முப்பதைத் தாண்டியவர், இருமுனையக் கோளாறுக்காக லித்தியம் எடுத்துக்கொள்பவர். இந்த வாக்கியத்தை எவ்வளவு நல்ல டாக்டராலும் சொல்ல முடியாது. பெற்ற தாயாலும் முடியாது. அந்த வழியில் நடந்து வந்தவர் மட்டுமே சொல்லக்கூடியது அது.

லித்தியம் எடுப்பவர்களுக்குத் திருச்சி வெயில் தனியான பிரச்சினை. உடம்பில் தண்ணீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறிவிடும். கை நடுக்கம் கூடும், வாந்தி வரும், நடை தள்ளாடும். அந்த நிலையில் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இதையெல்லாம் டாக்டர் ஒருமுறை சொல்லியிருப்பார். ஆனால் கத்திரி வெயிலில் பதினோரு மணிக்கு, "தண்ணி குடிச்சியாப்பா?" என்று கேட்பது குழுவில் இருக்கிற ஒரு அக்கா. குளோசபின் சாப்பிடும் ஒரு பையனுக்கு இரவில் எச்சில் வடிந்து தலையணை நனைகிறது. அம்மாவிடம் சொல்லக் கூச்சம், டாக்டரிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். குழுவில் நள்ளிரவில் ஒரு வரி எழுதினான். "அந்த மாத்திரையால வர்றதுதான் தம்பி. தலகாணி மேல துண்டு போட்டுக்க. டாக்டர்கிட்ட அவசியம் சொல்லு" என்று உடனே பதில் வந்தது. அடுத்த முறை சொன்னான். இதைப் பெரிய விஷயமாகத்தான் நான் நினைக்கிறேன். சொல்லத் தெரியாமல் மருந்தை நிறுத்திவிடுபவர்கள் எத்தனையோ பேர்.

இதே குழுவில் காலையில் ஒருவர் கோலத்துக்குப் புள்ளி மட்டும் வைத்துப் படம் எடுத்து அனுப்புவார். மற்றவர்கள் அவரவர் நோட்டில் அதே புள்ளிகளை வைத்து, அவரவர் மனம் போல இழை இழுத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். ஒன்பது புள்ளி, இடைப்புள்ளி ஐந்து. ஒரே புள்ளிக்கு எத்தனை விதமான கோலம்! சிலருடைய கோட்டில் மருந்தால் வரும் நடுக்கம் அப்படியே தெரிகிறது. அழித்துத் திருத்தக் கூடாது என்பது அவர்களாக வைத்துக்கொண்ட விதி. லித்தியம் எடுத்துக்கொள்ளும் அந்தப் பெண் தன்னுடைய நோட்டைக் காட்டினார். தீபாவளி சமயத்தில் போட்டவை நெளிந்து கிடக்கின்றன, மாசி மாதத்துக் கோலங்களில் இழை நிதானமாக ஓடுகிறது. தனக்கு உடம்பு எப்படி இருந்தது என்று டாக்டர் கேட்டால் இப்போது அந்த நோட்டைத்தான் எடுத்துக்கொண்டு போகிறாராம்.

நோயை அனுபவித்தவரே அதைச் சொல்வது தமிழுக்குப் புதிதில்லை. இந்தக் காவிரிக் கரையிலேயே அதற்குப் பெரிய முன்னோடி இருக்கிறார். கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம், மணிக்கொடிக் காலத்து எழுத்தாளர். ஜரிகைப் பட்டுத் தொழில் குடும்பம். வருடக்கணக்கில் அவர் காதுக்குள் குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. வசை, ஆபாசம், ஏளனம், அவர் கும்பிடும் சாமியையே இழிக்கும் பேச்சு. தொழில் நொடித்தது. அந்த இரைச்சலுக்கு நடுவிலும் பிழைப்புக்காக எழுதினார். நம் தெப்பக்குளத்துப் பழனியப்பா பிரதர்ஸுக்காக அவர் எழுதிய வாழ்க்கை வரலாற்றுச் சிறுநூல்கள் மட்டும் பல டஜன். கடைசியில் அந்தக் குரல்களையே நாவலாக்கினார். 'காதுகள்' 1992-ல் வந்தபோது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். அடுத்த ஆண்டு அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நாவலின் மகாலிங்கம் வேறு யாருமில்லை, தானேதான் என்பதை அவர் மறைக்கவில்லை.

எம்.வி.வி. அந்த அனுபவத்தை வெறும் நோயாகப் பார்த்தவர் இல்லை. அவருக்கு அது இருள் சக்திகளோடு நடந்த போர், ஆன்மிகச் சோதனை. இன்று நாம் ஒரு நோயின் பெயரை எடுத்து அவர் மேல் ஒட்டுவது மரியாதை ஆகாது. என்னை உறுத்துவது வேறு. அந்த ஆண்டுகளில் அவரைச் சுற்றி நல்ல நண்பர்கள் இருந்தார்கள், தி. ஜானகிராமனும் கரிச்சான் குஞ்சுவும் உட்பட. குரல் கேட்கும் இன்னொருவர் மட்டும் இல்லை. கும்பகோணத்தில் அப்படி எவரேனும் இருந்திருந்தாலும், ஒருவரை ஒருவர் கண்டுகொள்ள வழி கிடையாது.

வழி இருந்தால் என்ன ஆகும் என்பதை நெதர்லாந்து காட்டியது. மாரியஸ் ரோம் என்ற மனநல மருத்துவரிடம் பாட்ஸி ஹேக் என்ற பெண் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். கண்ணால் பார்க்காத, காதால் கேட்காத கடவுளை எல்லோரும் நம்புகிறீர்கள், நான் காதாரக் கேட்கும் குரலை ஏன் நம்ப மறுக்கிறீர்கள் என்று கேட்டார் அவர். மருத்துவர் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. 1987-ல் இருவரும் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்பவர்கள் தொடர்பு கொள்ளுங்கள் என்று அழைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் தொடர்பு கொண்டார்கள். அவர்களில் கணிசமான பேர் மருத்துவமனைப் பக்கமே போகாமல், குரல்களோடு ஏதோ ஒரு விதத்தில் சமாளித்து வாழ்ந்து கொண்டிருந்தவர்கள். அதே ஆண்டு உத்ரெக்டில் குரல் கேட்பவர்கள் கூடினார்கள். அங்கே தொடங்கிய இயக்கம் இன்று பல நாடுகளில் சக ஆதரவுக் குழுக்களாக நடக்கிறது.

நம்மூர்க் குரல்கள் வேறு மாதிரி என்பதற்கும் ஆதாரம் உண்டு. சாரதா மேனன் 1984-ல் சென்னையில் தொடங்கிய ஸ்கார்ஃப் நிறுவனத்தின் மருத்துவர்களோடு சேர்ந்து மானுடவியலாளர் தான்யா லூர்மன் ஓர் ஆய்வு செய்தார். அமெரிக்காவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, நம் சென்னை என மூன்று ஊர்களிலும் இருபது இருபது பேரிடம், உங்களுக்குக் கேட்கும் குரல் என்ன சொல்கிறது என்று கேட்டார்கள். அமெரிக்கர்களுக்குப் பெரும்பாலும் வெட்டு, குத்து, சண்டை. சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்டது சொந்தக்காரர்களின் குரல். அதைச் செய், இதைச் செய் என்று வீட்டு வேலை ஏவும் குரல், கண்டிக்கும் குரல், புத்தி சொல்லும் குரல். ஆகவே டச்சுக்காரர்களின் கையேட்டை மொழிபெயர்த்துத் தமிழ்க் குழு நடத்த முடியாது. மாமியார் குரல் காதுக்குள் அதட்டுகிறது என்று ஒரு மருமகள் சொன்னால், அதன் கனம் என்ன என்று இன்னொரு தமிழ் மருமகளுக்குத்தான் பிடிபடும்.

கோபி கிருஷ்ணனையும் இங்கே சொல்லியாக வேண்டும். மதுரையில் பிறந்தவர், உளவியல் படித்தவர், தானே மனநோயால் அவதிப்பட்டவர், 2003-ல் வறுமையில் மறைந்தவர். மனநலச் சிகிச்சையில் இருந்தவர்களின் பேச்சை, தன் கருத்தை இடையில் செருகாமல், 'உள்ளேயிருந்து சில குரல்கள்' என்ற நாவலில் பதிந்து வைத்தார். தானும் அந்தப் பக்கத்தில் இருந்தவர் என்பதால்தான் அவரால் அவ்வளவு பொறுமையாகக் கேட்க முடிந்தது என்று நம்புகிறேன். தமிழில் சக ஆதரவின் முதல் ஆவணம் எது என்று கேட்டால் இந்தப் புத்தகத்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

போன் வருவதற்கு முன்பு நம் பக்கத்துக்காரர்கள் போன இடம் குணசீலம். திருச்சியிலிருந்து முசிறி போகும் வழியில், காவிரியின் வடகரையில் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில். மனம் பிறழ்ந்தவர்களை அழைத்து வந்து ஒரு மண்டலம், 48 நாள், தங்க வைப்பது வழக்கம். உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் தீர்த்தம் அடிப்பார்கள். மனநல மறுவாழ்வு மையமும் அங்கே நடக்கிறது, மருத்துவரும் வந்து பார்க்கிறார். தீர்த்தத்தின் சக்தி பக்தர்களின் நம்பிக்கை, அதில் நான் தலையிட மாட்டேன். என் கண்ணில் படுவது அந்த 48 நாள். பக்கத்துப் பக்கத்து அறையில் அதே துன்பத்தில் இருக்கிற குடும்பங்கள். யாரும் யாரையும் ஒளித்து வைக்க வேண்டியதில்லை. ஒரு தாய் இன்னொரு தாயிடம், உங்க பையன் தூங்குறானா என்று கேட்க முடிகிற இடம் அது.

இது என் ஊகம் மட்டுமில்லை. தமிழ்நாட்டில் இன்னொரு கோயிலில், ஒரு முத்துசாமி சன்னிதியில், தங்கியிருந்த 31 பேரை ரகுராம் என்ற மனநல மருத்துவரும் குழுவினரும் ஆராய்ந்து 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்தக் கோயிலில் தனிச் சடங்கு எதுவும் கிடையாது. சராசரியாக ஆறு வாரத் தங்கல், கோயில் வேலைகளில் கைகொடுப்பது, ஆதரவான சூழல். நோய்க்குறிகள் ஏறக்குறைய இருபது சதவீதம் குறைந்திருந்தன. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடியில் தர்காவை ஒட்டிய ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பற்றி, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் இறந்தார்கள். கோயிலையும் தர்காவையும் ஒட்டி நம் சமூகம் இந்த மனிதர்களுக்குக் கொடுத்தது துணையும்தான், சங்கிலியும்தான். துணையை எடுத்துக்கொண்டு சங்கிலியை உடைப்பது நம் கையில் இருக்கிறது.

எழுதினால், வரைந்தால் குணமாகிவிடும் என்று மட்டும் யாருக்கும் சொல்லிவிடக் கூடாது. 'ழ' இதழை நடத்திய கவிஞர் ஆத்மாநாம், தமிழ் நவீன கவிதையின் மிகத் தெளிவான குரல்களில் ஒருவர். மனநோயோடு போராடி 1984-ல், முப்பத்து மூன்றாவது வயதில் தன் உயிரை முடித்துக்கொண்டார். கவிதை அவரைக் காப்பாற்றவில்லை. சக ஆதரவைப் பற்றிய ஆய்வுகளும் அடக்கமாகவே பேசுகின்றன. நம்பிக்கை, தன்மதிப்பு, தன் வாழ்க்கை தன் கையில் இருக்கிறது என்ற உணர்வு இவை கூடுகின்றன. நோய்க்குறி குறைவதற்கோ மருத்துவமனையில் சேர்வது குறைவதற்கோ அவ்வளவு உறுதியான சான்று இல்லை. மாத்திரையின் இடத்தில் கோலத்தை வைக்க முடியாது. மாத்திரை கோலத்துக்கு ஈடாகாது என்பதும் அதே அளவு உண்மை.

போனில் நடப்பதால் வரும் ஆபத்துகளும் சின்னவை இல்லை. நானும் அந்த மாத்திரைதான், பாதியாகக் குறைத்துவிட்டேன், நீயும் குறைத்துப் பார் என்று ஒரு அரைகுறை யோசனை போதும், ஒருவர் மீண்டும் ஆஸ்பத்திரிக்குப் போக. மூலிகை விற்பவர்கள் எப்படியோ மோப்பம் பிடித்து உள்ளே வந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு ஸ்கிரீன்ஷாட் டவுன்ஷிப் குரூப்புக்குப் போனால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடும். நான் பார்த்த குழு இவற்றுக்கு விதி வைத்திருக்கிறது. மாத்திரையின் அளவைப் பற்றிப் பேச்சு இல்லை. உண்மைப் பெயர் கட்டாயமில்லை. புதியவரை இரண்டு பழையவர்கள் போனில் பேசிய பிறகே சேர்க்கிறார்கள். சாவைப் பற்றி யாராவது எழுதினால் குழுவில் பதில் போட்டுக்கொண்டிருக்காமல் முறை வைத்திருக்கும் இருவர் உடனே அவரைக் கூப்பிடுகிறார்கள், வீட்டாரில் அவர் நம்புகிறவருக்குச் சொல்கிறார்கள், 14416-ஐ அழைக்க வைக்கிறார்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த டெலிமானஸ் எண் கட்டணமில்லாதது, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம்.

ஆனாலும் தாங்களே நோயோடு இருக்கிறவர்கள் இரவு இரண்டு மணிக்கு இன்னொருவரைத் தாங்கிப் பிடிப்பது பெரும் பாரம். முறை வைத்தவர்களில் ஒருவர் மாதக்கணக்கில் சரியாகத் தூங்கவில்லை. இருமுனையக் கோளாறு உள்ளவருக்குத் தூக்கம் கெடுவது நோயை நேராக வரவழைப்பது போல. இந்த வேலைக்குப் பயிற்சி வேண்டும், மேற்பார்வை வேண்டும், சம்பளமும் வேண்டும். இது ஆகாத காரியம் இல்லை. அகமதாபாத் மனநல மருத்துவமனையில் நோயிலிருந்து மீண்டவர்களுக்கே பயிற்சி கொடுத்து, மற்ற நோயாளிகளுக்குத் துணையாக அமர்த்தினார்கள். ஜெர்மனியின் உல்ம், ஹாம்பர்க் நகரங்களிலும் உகாண்டாவின் கம்பாலாவிலும் அதே திட்டம் ஒரே சமயத்தில் நடந்தது. 2018 மே 29 முதல் நடப்பில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டம், மாவட்டங்களுக்கான மறுஆய்வு வாரியங்களில் நோயை அனுபவித்தவர்களோ பராமரிப்பவர்களோ உறுப்பினராக இருக்க இடம் வைத்திருக்கிறது. சட்டம் ஒத்துக்கொண்டதை ஓபி வாசலும் ஒத்துக்கொள்ளலாம்.

திருச்சி அரசு மருத்துவமனையில், மாவட்ட மனநலத் திட்டத்தில், டவுன்ஷிப் மருத்துவமனையில், ஒவ்வொன்றிலும் இப்படி இரண்டு பேரை நியமித்துத் தொடங்கலாம். முதல்முறை ஓபிக்கு வந்து சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் போய் அவர்கள் உட்கார வேண்டும். வீட்டுக்குப் போன பிறகு அழைக்க ஒரு எண்ணும், நோட்டுப் புத்தகம் ஒன்றும் கொடுத்து அனுப்ப வேண்டும். இதற்குக் கட்டடம் தேவையில்லை, டெண்டர் தேவையில்லை. விண்ணப்பிக்கத் தகுதி உள்ளவர்கள் கைலாசபுரத்திலேயே இருக்கிறார்கள். அந்தக் கோல நோட்டுக்காரப் பெண்ணிடம் இப்படி ஒரு வேலை வந்தால் போவீர்களா என்று கேட்டேன். "பேரோட போவேன் சார்" என்றார்.