மணி டிவியில் என்ன பார்க்கிறான்?

அத்தை மகன் பெங்களூரிலிருந்து 43 அங்குல எல்இடி டிவி வாங்கிவந்து சுவரில் மாட்டியதிலிருந்து, சித்தூர் கட்டமஞ்சியில் இருக்கும் எங்கள் அத்தை வீட்டு நாய்க்கு டிவிப் பைத்தியம் பிடித்துவிட்டது. மணி நாட்டு நாய். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். அதற்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த டப்பா டிவியில் எது ஓடினாலும் ஏறெடுத்தும் பார்க்காதவன், இப்போது முன்னங்கால்களை நீட்டிப் போட்டுக்கொண்டு தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறான்.

"ஏம்ப்பா, நெஜமாவே இதுக்குத் தெரியுதா? இல்ல, நாம பாக்கறமேன்னு அதுவும் பாக்குதா?" என்று டீயை நீட்டிக்கொண்டே கேட்டார் அத்தை. மாமா அதற்குள் தீர்ப்பே சொல்லிவிட்டார்: "வயசானா எல்லாருக்கும் சீரியல் புடிக்கும்."

தெரிகிறது அத்தை, நன்றாகவே தெரிகிறது. ஆனால் மாறியது மணி இல்லை, டிவி. அதிலிருந்தே தொடங்குகிறேன், டீ ஆறுவதற்குள் முடியாது.

திரையில் ஓடுகிற எதுவும் உண்மையில் ஓடுவதில்லை. அசையாத படங்களை ஒன்றன்பின் ஒன்றாக வேகமாகக் காட்டுகிறார்கள், நம் கண் அதை ஓட்டமாகச் சேர்த்துக்கொள்கிறது. சினிமாவில் நொடிக்கு 24 படம், நம்மூர் டிவியில் 25. டப்பா டிவி அந்த ஒவ்வொரு படத்தையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளும். ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும் இரட்டைப்படை வரிகளை ஒருமுறையுமாக, நொடிக்கு 50 தடவை திரையில் எழுதும். எழுதுவது குழாயின் பின்னாலிருந்து வரும் எலெக்ட்ரான் கற்றை. அது பட்ட இடம் பளிச்சென்று ஒளிர்ந்து உடனே மங்கிவிடும், அடுத்த சுற்று வரும்வரை அங்கே இருட்டு. நொடிக்கு ஐம்பது அறுபது தடவை மினுக்கினால் மனிதக் கண்ணுக்கு மினுக்கல் தெரியாது. நாய்க்கு அது போதாது. எழுபது எண்பது வேண்டும். ஆகவே நீங்கள் உருகி உருகிப் பார்த்த சீரியலெல்லாம் அந்த டப்பாவில் மணிக்கு ஸ்டார்ட்டர் போன டியூப்லைட் மாதிரி படபடத்துக்கொண்டு இருந்திருக்கும். அதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?

எல்இடி டிவியில் கற்றை கிடையாது. பின்னால் விளக்கு எரிகிறது. முன்னால் இருக்கும் புள்ளிகள் அடுத்த படம் வரும்வரை இந்தப் படத்தை அப்படியே பிடித்து வைத்திருக்கின்றன. நடுவில் இருட்டு விழுவதில்லை. மணிக்கு முதல்முறையாகப் படம் படமாகத் தெரிகிறது.

டப்பாவின் மேல் இன்னொரு குற்றமும் உண்டு. நம் நாட்டு டிவிப் படத்துக்கு 625 வரி. நொடிக்கு 25 படம் என்றால் 15,625 வரி. அந்த வேகத்தில் உள்ளே இருக்கிற டிரான்ஸ்பார்மர் அதிர்ந்து, மெல்லிய கீச்சொலி ஒன்றை விடாமல் எழுப்பிக்கொண்டிருக்கும். சின்ன வயதில் பக்கத்து அறையில் டிவி போட்டாலே, சத்தம் வைக்காமலே நமக்குத் தெரிந்துவிடும், ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கீச்சுதான் அது. வயதாக ஆக மேல் ஸ்தாயி ஒலிகள் காதை விட்டுப் போய்விடுவதால் பெரியவர்கள் அதைக் கேட்காமல் தப்பித்தார்கள். மனிதக் காதின் எல்லை நொடிக்கு 20,000 அதிர்வு, அதுவும் இளம் வயதில். நாயின் காது 45,000 வரை போகும். மணி அந்த அறைக்குள் வராமல் வாசல்படியிலேயே படுத்துக்கிடந்ததற்கு அத்தை சொல்லும் காரணம் மரியாதை. எனக்கு இந்தக் கீச்சின் மேல்தான் சந்தேகம்.

(2006-இல் தமிழ்நாட்டு அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியபோது காட்பாடியிலும் குடியாத்தத்திலும் இருக்கும் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கிடைத்தது, எல்லைக்கு இந்தப் பக்கம், ஆந்திராவில் இருப்பதால் நமக்கு இல்லை என்று மாமாவுக்கு இன்றும் மனக்குறை. அந்த 14 அங்குலமும் டப்பாதான் மாமா. நாய்கள் யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள்.)

அடுத்தது நிறம். நாய்க்கு எல்லாம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அது சரியில்லை. நம் கண்ணில் நிறம் பிரிக்கும் கூம்பு செல்கள் மூன்று வகை, நாயின் கண்ணில் இரண்டு. நீலமும் மஞ்சளும் அதற்கு நன்றாகத் தெரியும். சிவப்பு மங்கிப்போய் அழுக்குப் பழுப்பாகத் தெரியும், பச்சை வெளிறிய மஞ்சளில் போய்ச் சேர்ந்துகொள்ளும். சீரியல் மாமியாரின் அரக்குப் பட்டுப்புடவையும் நெற்றி நிறைந்த குங்குமமும் மணியிடம் எடுபடாது. சென்னை சூப்பர் கிங்ஸும் மும்பை இந்தியன்ஸும் மோதினால் மஞ்சள் ஒரு பக்கம், நீலம் ஒரு பக்கம் என்று பிரித்துப் பார்த்துவிடுவான். ஐபிஎல்லில் நாய்களுக்கென்றே தைத்த சட்டைகள் இவை இரண்டும்தான். பந்து தெரியுமா என்றால் சந்தேகம். நாயின் பார்வைக் கூர்மை நம்முடையதைவிடக் குறைவு. ஆனால் அசைவு அதன் கவனத்தைச் சட்டென்று பிடித்துவிடும்.

"அப்போ சீரியல் பாக்கலியா?" அத்தைக்கு ஏமாற்றம். துணைக்கு ஆள் கிடைத்தது என்று நினைத்திருந்தார்.

கவனித்துப் பாருங்கள் என்றேன். சீரியல் ஓடும்போது மணி பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறான். வசனத்துக்கு அசைவதில்லை. விளம்பரத்தில் காலிங் பெல் அடித்தால் எழுந்து வாசலுக்கு ஓடுகிறான். வில்லி தோன்றும்போது போடும் இடிச்சத்தத்துக்குக் காது பின்னால் மடிகிறது. உண்மையில் அவன் இமை கொட்டாமல் பார்ப்பது திருப்பதி சேனலைத்தான். தேவஸ்தானம் 2008-இல் தொடங்கிய பக்தி சேனல் அது. மத்தியானம் 12 மணிக்குக் கல்யாண உற்சவம் நேரலையில் வரும், அத்தை வீட்டில் அதற்கப்புறம்தான் சாப்பாடு. கல்யாணத்தில் மணிக்கு ஈடுபாடு இல்லை. பிரம்மோற்சவம் வந்ததும் கதை மாறிவிட்டது. நான்கு மாட வீதிகளில் வாகனத்துக்கு முன்னால் யானைகளும் குதிரைகளும் காளைகளும் அலங்காரத்தோடு நடந்து வரும் அல்லவா? யானை திரையின் இடது ஓரத்தில் நுழைந்தால் மணி எழுந்து நிற்கிறான். வலது ஓரத்தில் மறைந்ததும், சுவருக்கும் டிவிக்கும் நடுவில் இருக்கிற இரண்டு விரற்கடை சந்தில் மூக்கை நுழைத்து, போன யானையைத் தேடுகிறான். அத்தைக்கு இது பக்தி. அதை நான் மறுக்கவில்லை. மறுத்தால் அடுத்த டீ கிடைக்காது.

மணி மட்டும் இப்படி இல்லை. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் கால்நடைக் கண் மருத்துவர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் கேள்விகள் கேட்டு 2024-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நாய்கள் அதிகம் விரும்பிப் பார்ப்பது விலங்குகளை, அவற்றிலும் முதலில் மற்ற நாய்களை. மனிதர்கள் ஒன்பதாவது இடத்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த வருஷம் ஆபர்ன் பல்கலைக்கழகம் 453 நாய்களைப் பற்றி விசாரித்தது. அதில் எனக்குப் பிடித்தது சுபாவம் பற்றிய பகுதி. துள்ளலான நாய்கள் திரையில் ஓடுவதைத் துரத்துகின்றன. பயந்த சுபாவமுள்ளவை காலிங் பெல், கார் ஹாரன் போன்ற சத்தங்களுக்கு அதிகம் திடுக்கிடுகின்றன. மணி இரண்டும் கலந்தவன்.

திரையில் தெரிவது நாய் என்று நாய்க்கு உண்மையிலேயே புரிகிறதா? பிரான்சில் 9 நாய்களை வைத்து ஒரு சோதனை செய்து 2013-இல் எழுதினார்கள். கணினித் திரையில் ஒரு பக்கம் ஏதோ ஒரு ஜாதி நாயின் முகம், மறுபக்கம் வேறு விலங்கின் முகமோ மனித முகமோ. பல ஜாதி நாய்களின் முகங்களை மாற்றி மாற்றிக் காட்டியும், வாசனையும் சத்தமும் இல்லாமல், நாய் முகத்தை அவை கண்டுபிடித்துவிட்டன. ஆனால் வாசனைதான் நாய்க்குக் கடைசிச் சாட்சி. திரையில் யானை இருக்கிறது, மூக்கில் யானை இல்லை. டிவிக்குப் பின்னால் மூக்கு போவது அந்தச் சாட்சியைத் தேடித்தான். சில நாய்கள் நாளடைவில் விட்டுவிடும். சில விடாமல் தேடும்.

பூனையைப் பற்றியும் அத்தை கேட்டார், பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னல் வழியாக வந்து போவதால். பூனைக்கு இவ்வளவு ஆர்வம் இல்லை. பெல்ஃபாஸ்டில் காப்பகப் பூனைகளுக்கு டிவி வைத்துப் பார்த்ததில், இருந்த நேரத்தில் நூற்றுக்கு ஆறு பங்குதான் திரையைப் பார்த்தன. அதுவும் எலி, பறவை மாதிரி ஏதாவது அசைந்தால்தான் கூடுதலாகப் பார்த்தன, பிறகு அலுத்துவிட்டது. கிளி வளர்க்கிறவர்கள் கேட்கவே வேண்டாம். நம் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பதே 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

நாய் டிவி பார்ப்பது பெரிய விஷயம் இல்லை. நாம் டிவியைப் பார்த்து நாய் வாங்குகிறோமே, அதுதான் எனக்கு உறுத்தல். 2003-இல் ஹட்ச் செல்போன் விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் பின்னாலேயே ஒரு பக் நாய் ஓடியது. அதற்கப்புறம் ஊர் ஊராகப் பக் வளர்த்தார்கள். சப்பை மூக்கால் மூச்சுவிடவே திணறும் ஜாதி அது. ரேணிகுண்டாவின் மே மாத வெயிலில் அதைப் படுக்கவைத்துப் பாருங்கள், விளம்பரம் மறந்துபோகும். 2024 பொங்கல் சமயத்தில் பிரதமர் தன் வீட்டில் குட்டை மாடுகளுக்குத் தீனி கொடுக்கும் காட்சி எல்லாச் சேனலிலும் வந்தது. அவை நம் பக்கத்துப் புங்கனூர் மாடுகள். சுமார் மூன்றடி உயரமே உள்ள, தீனி கொஞ்சமே தின்னும், வறட்சி தாங்கும் இனம். அழிந்துபோகும் நிலைக்கு வந்து, பலமநேரில் இருக்கும் அரசு ஆராய்ச்சிப் பண்ணை பிடித்து நிறுத்திய இனம். அதைப் பார்த்துவிட்டு மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் ஒன்று வளர்க்கலாமா என்று என்னிடமே கேட்டார்கள். மாடு சின்னதுதான், சாணி சின்னதில்லை.

சரி, மணிக்கு என்ன செய்ய வேண்டும்? பார்க்கட்டும். கெடுதல் ஒன்றும் இல்லை. சத்தத்தை மட்டும் குறைத்து வையுங்கள், அவன் காதுக்கு அத்தை வைக்கும் அளவு ரொம்ப அதிகம். நாய்களுக்கென்றே நிறத்தையும் ஒலியையும் மாற்றியமைத்த சேனல் ஒன்று 2012-இல் அமெரிக்காவில் வந்தது. யூடியூபிலும் மணிக்கணக்காக அணில் ஓடும் வீடியோக்கள் கிடைக்கும். அவற்றைப் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது வேண்டாம். வாசனையில்லாத அணிலை நாள் முழுக்கத் துரத்தும் நாய்க்குப் படபடப்புத்தான் மிஞ்சும். மாமா காலையில் கிரீம்ஸ்பேட்டை வரை நடக்கிறாரே, கூட அழைத்துப் போகட்டும். வழியில் மோந்து பார்க்க ஒரு சேனலுக்கு மேல் விஷயம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். விஸ்கான்சின் மருத்துவர்கள் இந்த டிவி விசாரணையைத் தொடங்கியதே நாய்களின் பார்வையைச் சோதிக்க எளிய வழி தேடித்தான். நாயை உட்காரவைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்ல முடியாது. மணிக்கு இப்போது ஒன்பது வயது. யானை வந்தும் அவன் எழுந்திருக்காத நாள் வந்தால், அலுத்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள். கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறதா, நாற்காலியில் முட்டிக்கொள்கிறானா என்று பாருங்கள். திருப்பதியில் 1955-லிருந்தே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒரு நடை அழைத்துக்கொண்டு போய்க் கண்ணைக் காட்டிவிடுங்கள்.