சிறு பிழையும் சிறைக் கதவும்

காவல் உத்தரவில் பிழை இருந்தால் சிறையில் இருப்பவர் விடுதலையாகிவிடுவாரா? அவர் எந்த வழியாக உள்ளே சென்றார் என்பதைப் பொறுத்ததே விடை.

விசாரணை நடந்து தண்டனை பெற்றவருக்கு மேல்முறையீடே வழி. தகுதியுள்ள நீதிமன்றம் தண்டித்த பின் ஆட்கொணர்வு மனு பொதுவாக ஏற்கப்படுவதில்லை. மேல்முறையீட்டிலும் எல்லாப் பிழையும் எடுபடாது. நடைமுறைத் தவறினால் நீதியே தவறியது என்று காட்டினால்தான் தீர்ப்பு மாறும். 1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 465-ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் இது 511-ஆம் பிரிவு. ஆட்சேபத்தை முன்பே எழுப்பியிருக்கலாமே என்றும் நீதிபதிகள் பார்ப்பார்கள். எனவே குறையைக் கண்ட உடனே வழக்கறிஞர் மூலம் பதிவு செய்வது அவசியம்.

அமெரிக்காவிலும் இதே போக்குதான். தண்டனை பெற்ற மாநிலச் சிறையாளர் மத்திய நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு கோரினால், பிழை தீர்ப்பைக் கணிசமாகப் பாதித்திருக்க வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1993-இல் கூறியது.

தடுப்புக் காவல் வேறு. கர்நாடகத்தின் 1985-ஆம் ஆண்டு குண்டர் தடுப்புச் சட்டத்திலும், 1980-ஆம் ஆண்டு தேசியப் பாதுகாப்புச் சட்டத்திலும் விசாரணை இன்றியே ஒருவரை ஓராண்டு வரை அடைத்து வைக்கலாம். அதனால்தான் காரணங்களைத் தெரிவித்து, முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று அரசியலமைப்பின் 22(5) பிரிவு கட்டளையிடுகிறது. இங்கே நடைமுறைப் பிழையைச் சிறியது என்று தள்ளிவிட முடியாது.

நாக்பூரைச் சேர்ந்த ஹரிகிஷன் என்பவருக்குக் காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்து, வாய்மொழியாக விளக்கினார்கள். அவர் இந்தியில் கேட்டும் தரவில்லை. 1962-இல் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. 1980-இல் லல்லுபாய் வழக்கிலும் குஜராத்தியில் எழுத்து மூலம் தராதது தவறு என்றே தீர்ப்பாயிற்று.

கன்னடம் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாதவர்கள் பெங்களூர்த் தமிழரில் பலர் உண்டு. அவர்களுக்கு இத்தீர்ப்புகள் பெருந்துணை. ஆனால் மொழி தெரிந்தவர் தெரியாது என்றால் எடுபடாது. அவரது கல்வியையும் கையெழுத்தையும் நீதிமன்றம் பார்க்கும்.

அப்படி ஒரு நிலை வந்தால், தமிழில் காரணங்கள் வேண்டும் என்று உடனே எழுதிக் கேளுங்கள், நகலை வைத்துக்கொள்ளுங்கள். காவலில் உள்ளவருக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. கர்நாடக மாநிலச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகத் தயங்க வேண்டாம்.