சாமைச் சோறும் சாவகாசமும்

கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் இப்பொழுது சாமையும் தினையும் வரகும் பளபளப்பான உறைகளில் அடைபட்டு, சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் தேகப் பருமனைக் குறைக்க விரும்புகிறவர்களுக்கும் உகந்த ஆகாரம் என்ற சிபாரிசோடு விற்பனைக்கு வருகின்றன. அங்கிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைத் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறிப் போனால், அந்தத் தானியங்களையே தலைமுறை தலைமுறையாக உண்டு வளர்ந்த கல்வராயன் மலைக் குடும்பங்களின் அடுப்பில் பெரும்பாலும் கொதிப்பது ரேஷன் அரிசி. இந்த விபரீதத்தைக் கண்டவுடன், பழமையை மறந்ததால் ஜனங்கள் ஆரோக்கியத்தை இழந்தார்கள் என்று பிரசங்கம் செய்யக் கிளம்புகிறவர்கள் நம்மில் அநேகர். அந்தப் பிரசங்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. மலையில் சாமை குறைந்ததற்கு மறதியைக் காரணமாகச் சொல்வதைவிட, அதைச் சோறாக்குவதற்கு ஒரு பெண் செலவழிக்க வேண்டியிருந்த பொழுதைக் காரணமாகச் சொல்வதே நியாயம்.

சாமை மணி மிகச் சிறியது. அதன் உமியோ நெல்லின் உமியைப் போல எளிதில் கழன்று கொடுப்பதில்லை. உரலில் இட்டுக் குத்தி, முறத்தில் புடைத்து, உமி போகாத மணிகளைத் திரும்பவும் உரலுக்கே அனுப்பி, மறுபடி புடைத்து, தவிடு நீக்கி, கடைசியில் தண்ணீரில் கல் அரித்து எடுத்த பிறகுதான் உலையில் போடும் பக்குவம் வரும். இத்தனையையும் கொல்லைக் காட்டு வேலைக்குப் போவதற்கு முன்போ, போய்த் திரும்பிய பின்போ செய்து முடித்தவள் வீட்டுப் பெண்மணி. தோள் வலித்தவளும் அவளே. அத்தகைய வீட்டுக்கு, 2011 ஜூன் முதல் தேதியிலிருந்து, தீட்டிய அரிசி விலையில்லாமல் வரத் தொடங்கியபோது அவள் அதை இரு கையேந்தி வாங்கிக்கொண்டதில் குற்றம் காண நமக்கு என்ன உரிமை இருக்கிறது? நிலமும் அந்தத் திசையிலேயே சென்றது. ஆத்தூர், சின்னசேலம் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகும் மரவள்ளிக் கிழங்கு ரொக்கம் தருகிறது; சாமை தருவது சோறு மட்டும். துவரையும் அவரையும் ஊடுபயிராகக் கலந்து நின்ற பழைய காட்டில் கிழங்கு மட்டும் தனியாக நிற்கும்போது, சோற்றோடு பருப்பும் சேர்ந்தே தட்டைவிட்டு விலகிப் போகிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி.

மலையடிவாரத்து நகரத்திலும் கதை வேறல்ல. காலை எட்டு மணிப் பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய தாயும் தந்தையும், குழந்தையின் டப்பாவில் இரண்டு நிமிஷ நூடுல்ஸையோ பிஸ்கட் பொட்டலத்தையோ வைத்தனுப்பிவிட்டு, மாலையில் களைத்து வரும் வழியில் சேலம் நெடுஞ்சாலை ஓரத்து ஓட்டலில் புரோட்டா கட்டிக்கொண்டு போவது அறியாமையினாலா? இல்லவே இல்லை, கீரை நல்லது என்பதை அறியாத தாய் தமிழ்நாட்டில் இல்லை. ஆனால் கீரையை ஆய்வதற்கு அரை மணி நேரம் வேண்டும். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடையுள்ளவர்கள் என்றும், 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது என்றும் சொல்கிறது. ஒரே வீட்டில், சில சமயம் ஒரே சரீரத்தில், மிகுதியும் பற்றாக்குறையும் கூடிக் குடியிருக்கின்றன.

நேரமில்லாதவர்களுக்கான ஆகாரத்தை நம் முன்னோர் யோசிக்காமல் இல்லை, அது கூழ். கேழ்வரகு மாவைக் கரைத்து ஓர் இரவு புளிக்க விட்டு, மறுநாள் மாலை நொய் வெந்து குழைந்த பானையில் அந்தக் கரைசலை ஊற்றி, அடிப்பிடிக்காமல் துடுப்பால் கிண்டி, தொட்டால் கையில் ஒட்டாத பதத்தில் இறக்கி மூடி வைத்துவிட்டால், விடியற்காலையில் அடுப்பே மூட்ட வேண்டாம். மோர் விட்டு, உப்புப் போட்டு, கையால் கட்டி உடைத்துக் கரைத்து, சின்ன வெங்காயத்தையோ சுட்ட மிளகாயையோ கடித்துக்கொண்டு குடித்துவிட்டுக் காட்டுக்குப் போகலாம். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதையும் இரும்புச் சத்தையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் பைட்டேட் என்னும் பொருளைப் புளிப்பு ஓரளவு குறைக்கிறது. ரசாயனம் படிக்காத கிழவிகள் கண்ட உபாயம் இது! குழந்தைகள் கூழ் என்றால் முகம் சுளிக்கிறார்கள் என்பது மெய்தான்; அதே மாவில் முருங்கைக்கீரை கலந்து அடை தட்டிக் கொடுத்தால் சுளிப்பதில்லை.

சாமையும் இன்று உரலுக்குப் போக வேண்டியதில்லை. உமி நீக்கிய சாமையைச் சமைப்பதற்கு முன் சிறிது நேரம் ஊற வைத்தால், ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீரில் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஆயினும் அதை மருந்தென்று எண்ணி இரண்டு தட்டுச் சாப்பிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சாமையும் மாவுச்சத்துதான், அளவு மீறினால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். வெண்மையாகத் தீட்டிய சாமைக்குக் கூடுதல் விலை கொடுப்பதும் வீண் செலவு. தவிடோடு நார்ச்சத்தும் போய்விடுகிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடிக்கும் பழக்கத்தை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுவது, காசில்லாமல் இரும்புச் சத்தைக் காப்பாற்றும் வழி.

வீட்டுக் காலைப் பொழுதின் பாரத்தைக் குறைத்ததில் அரசாங்கம் செய்த ஒரு காரியத்தை மனமாரப் பாராட்ட வேண்டும். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கி, முதலில் 1,545 பள்ளிகளில் நடந்து, 2023 ஆகஸ்டில் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்த காலை உணவுத் திட்டம், பசித்த பிள்ளைக்கு உப்புமாவும் பொங்கலும் கிச்சடியும் தருவதோடு, கூலி வேலைக்கு விடியுமுன் புறப்படும் தாய்க்கு ஒரு மணி நேரத்தையும் தருகிறது. தோட்ட வேலைக்கும் கட்டட வேலைக்கும் பெற்றோர் வெளியூர் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் உள்ள கல்வராயன் மலையில் இதன் அருமை அதிகம். அந்தப் பள்ளிகளின் அடுப்புக்கு மலைச் சாமையே வரட்டும். அதற்கு மலைக் கிராமங்களில் உமி நீக்கும் இயந்திரங்கள் போதிய அளவு நிறுவப்படட்டும். சிறுதானியத்தைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் இந்த இயந்திரத்தைப் பற்றியும் பேசினால் நன்றாயிருக்கும்.

இயந்திரம் வரும்போது வரட்டும். இதற்கிடையில், பெற்றோர் என்ற சொல்லுக்குள் தாங்களும் அடக்கம் என்று ஒப்புக்கொள்ளும் தகப்பன்மார்களுக்கு ஒரு விண்ணப்பம்: கேழ்வரகை வாங்கிக் கல் பொறுக்கி மில்லுக்குக் கொண்டுபோய் அரைத்து வருவதையும், ராத்திரி உட்கார்ந்து மறுநாள் கீரையை ஆய்ந்து வைப்பதையும் இந்த வாரத்திலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.