சொல்லும் கூலியும்: அறுபதுகளை எப்படி வாசிப்பது?

1

‘அறுபதுகள்’ என்றால் நம் சிறுபத்திரிகை வட்டாரத்தில் உடனே அமெரிக்காதான் வந்து நிற்கிறது. நீள்முடி, கிதார், வியட்நாம் போர் எதிர்ப்பு, கறுப்புச் சிறுத்தைகள். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் 1968 பாரிஸையும் சேர்த்துக்கொள்வார்கள். அதே பத்தாண்டில் இங்கே என்ன நடந்தது என்று கேட்டால், ‘மொழிப்போர், அப்புறம் ஆட்சி மாற்றம்’ என்று பதில் வருகிறது. அமெரிக்கக் கதையைப் பண்பாட்டுக் கலகமாகவும் நம் கதையை மொழி எழுச்சியாகவும் தனித்தனியே சொல்லிப் பழகிவிட்டோம். இரண்டு கதையாடல்களிலும் ஒரே விஷயம் விடுபட்டுப் போகிறது. கூலி.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஓட்டு, மொழி, பெயர் போன்ற ‘சொல்’ சார்ந்த கோரிக்கைகளை அந்தப் பத்தாண்டின் அதிகாரம் நிறைய ரத்தம் பார்த்தபிறகாவது விட்டுக்கொடுத்தது. கூலி என்று வாயைத் திறந்தவர்களிடம் அது வேறு முகம் காட்டியது. அங்கேயும் அப்படித்தான், இங்கேயும் அப்படித்தான்.

2

1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் கூடினார்கள். மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசியது உலகம் பூராவும் தெரியும். அந்த ஊர்வலத்தோட பேர் என்னன்னு கேட்டா முழிப்போம். ‘வேலைக்கும் விடுதலைக்குமான ஊர்வலம்’ என்பது அதன் பெயர். பெயரில் முதலில் நின்ற வேலை நினைவிலிருந்து உதிர்ந்துவிட்டது.

1964இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. 1965 ஆகஸ்ட் 6இல் ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். ஐந்தே நாளில், ஆகஸ்ட் 11இல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தின் வாட்ஸ் பகுதி பற்றி எரிந்தது. 34 பேர் செத்தார்கள். ஓட்டுரிமைதான் கொடுத்தாச்சே, இன்னும் என்ன என்று வெள்ளைப் பத்திரிகைகள் ஆச்சரியப்பட்டன. கலிபோர்னியாக் கறுப்பர்களுக்கு ஓட்டு ஏற்கனவே இருந்தது. இல்லாதவை வேலையும் வீடும். போலீஸ் தடிக்குக் குறைவில்லை.

1968 பிப்ரவரியில் மெம்பிஸ் நகரத் துப்புரவுத் தொழிலாளிகள் இரண்டு பேர் குப்பை வண்டியின் நசுக்கும் எந்திரத்தில் சிக்கி இறந்தார்கள். அதன்பின் சுமார் 1300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கேட்டது கூலி உயர்வும் சங்க அங்கீகாரமும். கையில் ஏந்திய அட்டையில் எழுதியிருந்தது ‘நான் மனிதன்’ என்று. சொல்லும் கூலியும் அங்கே வேறுவேறாக இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களுக்குத் துணையாகப் போன இடத்தில்தான் ஏப்ரல் 4 அன்று கிங் சுடப்பட்டார். கனவு கண்டவராக அவரைக் கொண்டாடுகிறவர்கள், அவர் குப்பை அள்ளுகிறவர்களின் கூலிக்காகப் போய் நின்ற ஊரில் செத்தார் என்பதை மெதுவாகத்தான் சொல்கிறார்கள்.

3

இங்கே 1964 ஜனவரியில் திருச்சியில் கீழப்பழூர் சின்னசாமி தீக்குளித்தார். 1965 ஜனவரி 26, 27 தேதிகளில் சென்னையில் சிவலிங்கமும் அரங்கநாதனும் தீக்குளித்தார்கள். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். பிப்ரவரியில் பொள்ளாச்சியிலும், இன்று நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிற குமாரபாளையத்திலும் துப்பாக்கிகள் வெடித்தன. இந்த எழுச்சி வெறும் உணர்ச்சிக் கொந்தளிப்பு என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன பையனுக்கு இந்தி என்பது உத்தியோகக் கதவில் தொங்கிய இன்னொரு பூட்டு. மொழிக்குள்ளேயும் வயிறு இருந்தது.

பலன் கிடைத்தது. 1967 தேர்தலில் விருதுநகரில் காமராஜரைத் தோற்கடித்தவர் 65இன் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ.சீனிவாசன். அதே வருஷம் ஆட்சிமொழிச் சட்டம் திருத்தப்பட்டது. சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம். 1969 ஜனவரி 14 அன்று மதராஸ் மாநிலம் ‘தமிழ்நாடு’ ஆனது.

அந்தப் பெயர் சூட்டலுக்குச் சரியாக இருபது நாள் முன்பு, 1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டம் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கேட்டது அரைப்படி நெல் கூடுதல். செங்கொடியை இறக்கிவிட்டு நெல் உற்பத்தியாளர் சங்கக் கொடியை ஏற்றச் சொன்னதற்கு மறுத்ததும் இன்னொரு குற்றம். கீழ்நீதிமன்றம் தண்டித்த மிராசுதார்களை உயர்நீதிமன்றம் பின்னால் விடுவித்தது. வசதி படைத்த மனிதர்கள் தாங்களே நேரில் நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்பது நீதிமன்றத்துக்கு வந்த சந்தேகம்.

அரசு சும்மா இருந்துவிடவில்லை. விசாரணைக் குழு அமைத்தது. 1969இல் நியாயக் கூலிச் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் தஞ்சைப் பகுதிக்காக வந்த சட்டம் அது. நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வெட்டுகிறவருக்கு அது பேசவில்லை.

4

அமெரிக்க அறுபதுகள் நமக்குப் பாட்டாக வந்துசேரும் முன்பே கோதுமையாக வந்துவிட்டன. 1965, 66 வறட்சியில் நாடே கப்பலை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தது. 1966இல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்திறங்கியது, பெரும்பகுதி பி.எல்.480 திட்டத்தில் அமெரிக்காவிலிருந்து. வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்ட அதே ஜான்சன்தான் இந்தக் கப்பல்களையும் மாதாமாதம் அளந்து விட்டார். விவசாயக் கொள்கையை மாத்து, வியட்நாம் விஷயத்துல வாயை மூடு என்பது சொல்லாமல் சொன்ன நிபந்தனை. ‘ரூபாய்க்கு மூன்று படி’ என்ற 1967 தேர்தல் வாக்குறுதியை இந்தப் பசியை விட்டுவிட்டு வாசிக்க முடியாது.

இன்னொரு சரடும் உண்டு. 1960இல் ஃபோர்டு அறக்கட்டளை ஆதரவோடு இந்தியாவில் முதலில் ஏழு மாவட்டங்களில் ‘பாக்கேஜ் திட்டம்’ என்ற தீவிர வேளாண் திட்டம் தொடங்கியது. அதில் தஞ்சாவூரும் ஒன்று. உரம், கடன், ஆடுதுறை 27 ரக நெல், இரண்டு போகம். விளைச்சல் ஏறியது. ஏறிய விளைச்சலில் எங்க பங்கு எங்கே என்று அறுத்தவர்கள் கேட்டார்கள். மிராசுதார்கள் சங்கம் கட்டினார்கள், வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். ஆகவே வெண்மணியைப் ‘பழைய நிலப்பிரபுத்துவத்தின் மிச்சம்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது. நவீனம் வந்து சேர்ந்த இடத்தில்தான் அது எரிந்தது.

5

இலக்கியம் என்ன செய்தது? 1968இல்தான் சேலத்திலிருந்து சி.மணியின் ‘நடை’ வந்தது. புதுக்கவிதையின் சொல்லைக் கூர்மையாக்கியதில் அதன் பங்கை மறுப்பதற்கில்லை. வெண்மணியைப் பின்னணியாகக் கொண்டு பரவலாகப் பேசப்பட்ட நாவலான இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ 1975இல் வந்தது. அதிலும் நிலச்சுவான்தாரின் ஆண்மைக் குறைவு கொடுமைக்கு உளவியல் விளக்கமாக முன்னால் வந்து, அரைப்படி நெல் பின்னால் போனது. கூலியைப் பற்றிப் பேச நம்மிடம் அழகியல் இல்லையோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைப் பம்பாய் இளைஞர்கள் 1972இல் எடுத்துக்கொண்டார்கள். எண்பதுகளில் அது மதுரைக்கு வந்தது. அறுபதுகளை உண்மையில் மொழிபெயர்த்தவர்கள் இவர்கள்தான் என்பேன். சொல்லையும் சோற்றையும் ஒரே கையில் பிடித்தவர்கள்.

கடைசியாக எங்க ஊர் விஷயம். நாமகிரிப்பேட்டை என்றால் மஞ்சள், அப்புறம் கிருஷ்ணனின் நாதஸ்வரம். காவிரிப் படுகை மிராசு இங்கே கிடையாது. கிணற்றுப் பாசனம், நடுத்தரக் குடியானவர். அதனால் இங்கே வெண்மணி மாதிரி ஏதும் இல்லைங்க என்று திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். மொழிப்போரைப் பற்றிக் கேட்டால் பெரியவர்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள். அன்னைக்குப் பண்ணையத்தாளுக்கு வருஷக் கூலி என்ன கொடுத்தீங்க என்று கேட்டால், ‘அதையெல்லாம் யாரு கணக்கு வெச்சாங்க’ என்கிறார்கள். கணக்கு வைத்திருந்தார்கள். கடன் கணக்கு. அது யார் கையில் இருந்தது என்பதுதான் வரலாறு. ஈரோட்டிலும் எங்க ஊர் மண்டியிலும் மஞ்சள் குவிண்டால் என்ன விலை போச்சு என்று பேப்பரில் வருகிறது. அந்த மஞ்சளை வெட்டி, வேகவைத்து, காயப்போட்டவருக்கு அன்றைக்கு என்ன கூலி என்று எந்தப் பேப்பரிலும் வருவதில்லை.

எழுதுகிற நண்பர்களிடமும் களத்தில் நிற்கிற தோழர்களிடமும் கேட்பது ஒன்றுதான். அறுபதுகளுக்கு விழா எடுப்போம், மறுவாசிப்பும் செய்வோம். அதற்கு முன்னால் அவரவர் ஊரில் 1960இலும் 1970இலும் ஒரு ஆணுக்கு என்ன கூலி, ஒரு பெண்ணுக்கு என்ன கூலி, அதில் எவ்வளவு தானியம், எவ்வளவு காசு என்று கேட்டு எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அந்த எண்கள் கிடைத்த பிறகு நம் ‘அறுபதுகள்’ இதேமாதிரி இருக்குமா என்று பார்த்துவிடலாம்.