கூடாரப் பயிருக்கு விளக்குத் தேர்வு

வருசநாட்டு மலைகளில் பிறந்து வரும் மூல வைகையின் கரையில் அமைந்த மயிலாடும்பாறைப் பிரதேசத்தில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இலவ மரமும் தென்னையும் தழைக்கும் இவ்விடத்தில் விளக்கு வைத்துப் பயிர் வளர்ப்பது வீண் ஆடம்பரம் என்று பெரியவர்கள் கருதினால், அதில் வியப்பில்லை. ஆயினும் விளக்கொளியில் வளர்ந்த பயிர் நமது பள்ளத்தாக்கிற்குப் புதிதன்று. சின்னமனூர், கம்பம் வட்டாரங்களில் பயிராகும் ஜி-9 வாழை பெரும்பாலும் திசு வளர்ப்புக் கன்றுகளிலிருந்து வருவதே. அக்கன்று வெயிலைக் காணுமுன், ஆய்வுக்கூட அறையில் புட்டிக்குள் இருந்தவாறே, நாள்தோறும் சுமார் 16 மணி நேரம் விளக்கொளியில் வளர்கிறது. முன்னர் அங்கே குழல் விளக்குகள் எரிந்தன, இப்போது எல்.இ.டி. விளக்குகள் அவற்றின் இடத்தைப் பிடித்து வருகின்றன.

இவ்விளக்குகளின் துணையோடு, சிறு கூடாரத்தினுள் கீரை முளைகளும் காய்கறி நாற்றுகளும் வளர்க்க இளைஞர்கள் சிலர் விரும்புகின்றனர். முதற் செலவில் பெரும்பங்கு விளக்குக்கே போகும். பின்னர் மாதந்தோறும் மின் கட்டணமும் உண்டு. ஆகவே பெட்டியின் மேல் அச்சிட்ட பெரிய எண்ணைக் கண்டு மயங்காமல் வாங்குவது அவசியம்.

பெட்டியில் இரண்டு எண்கள் காணப்படும். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவு. லூமன் என்பது மனிதக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தின் அளவு. நமது கண்ணுக்குப் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளியே மிகவும் பளிச்சென்று தெரியும். இலையின் பச்சையமோ நீலத்தையும் சிவப்பையும் மிகுதியாக ஈர்ப்பது. எனவே நம் கண்ணைக் கொண்டு இலையின் பசியை அளக்க இயலாது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடியில் இலைக்குப் பயன்படும் ஒளித்துகள்கள் எத்தனை விழுகின்றன என்பதே உண்மைக் கணக்கு. அதனை மைக்ரோமோல் என்னும் அளவையால் குறிப்பர். உச்சி வெயிலில் இது ஏறத்தாழ 2,000 இருக்கும். புட்டியிலுள்ள வாழைக் கன்றுக்கு 50 அளவிலேயே போதும். ஊடகத்திலுள்ள சர்க்கரை அதற்கு உணவாகிறது. கீரை முளைக்கும் நாற்றுக்கும் 150 தேவை. தக்காளி காய்க்க வேண்டுமாயின் 500 வேண்டும்.

இனி 4 அடிக்கு 4 அடியுள்ள கூடாரம் ஒன்றைக் கொள்வோம். பரப்பு ஒன்றரைச் சதுர மீட்டர். கீரைக்கு 150 வீதம் 225 மைக்ரோமோல் இலைமேல் விழ வேண்டும். சுவரில் பட்டு வீணாவதையும் சேர்த்தால் விளக்கு 280 அளவுக்கு வெளியிட வேண்டும். நல்ல விளக்கு ஒரு வாட்டுக்கு 2.5 மைக்ரோமோல் தரும். அதற்கு 112 வாட் போதும். மட்டமான விளக்கு 1.5 தான் தரும். அதற்கு 187 வாட் ஆகும். நாளொன்றுக்கு 16 மணி நேரம் எரித்தால் முன்னது மாதம் 54 யூனிட், பின்னது 90 யூனிட் உண்ணும். மலிவாக வாங்கியதன் இலாபம் இவ்வாறே மின் கட்டணத்தில் கரைந்துவிடும்.

இதே கூடாரத்தில் தக்காளி காய்க்க நினைத்தால் நல்ல விளக்கிலேயே 375 வாட், அதாவது மாதம் 180 யூனிட் வேண்டும். அத்தனை மின்சாரமும் இறுதியில் வெப்பமாகிக் கூடாரத்திலேயே தங்கும். சித்திரை, வைகாசியில் இவ்வெப்பத்தை வெளியேற்ற விசிறியும் வைக்க நேரும். வெளியே சூரியன் இலவசமாக எரிகையில் இதற்கு என்ன அவசியம்? காய்கறியை வயலுக்கே விட்டு, நாற்றும் முளையும் மட்டும் விளக்கின் கீழ் வளர்ப்பதே இங்கு சிக்கனம்.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீல ஒளி தரும் எல்.இ.டி.யைக் கண்ட ஜப்பானிய வழி வந்த அறிஞர் மூவர் 2014-இல் நோபல் பரிசு பெற்றனர். நீலத்தின்மேல் மஞ்சள் பூச்சிட்டே இன்றைய வெள்ளை விளக்கு உருவாகிறது. சிவப்பும் நீலமும் மட்டும் கலந்த ஊதா விளக்கில் பயிர் வளரும். ஆனால் அவ்வொளியில் இலை கருத்துத் தோன்றுவதால் மஞ்சள் நோயோ பூச்சியோ கண்ணுக்குப் புலப்படாது. அன்றாடம் பயிரைப் பார்த்து வளர்ப்பவருக்கு வெள்ளையே தக்கது. ஓசூர்ப் பகுதியில் செவ்வந்தி வயலில் இரவில் எரியும் விளக்குகளை இதனோடு குழப்ப வேண்டாம். அவை உணவூட்டுவதற்கல்ல, நீண்ட இரவை முறித்துப் பூப்பதைத் தள்ளிப் போடுவதற்கே.

ஈரம் புகாத உறையும், மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் தாங்கும் மின்வழங்கியும் கிராமத்திற்கு இன்றியமையாதவை. நில இணைப்பு இல்லாத விளக்கை நீர் தெளிக்கும் கூடாரத்தில் தொங்கவிடுவது உயிருக்கு ஆபத்து.

கடைக்காரரிடம் வாட்டுக்கு எத்தனை மைக்ரோமோல் என்று கேளுங்கள். 1,000 வாட் என்று எழுதிய விளக்கு உண்மையில் 100 வாட்டே உண்பதும் உண்டு. வீட்டு மின்மானியில் யூனிட்டுக்கு 3,200 துடிப்பு என்று குறித்திருந்தால், மற்றவற்றையெல்லாம் அணைத்துவிட்டு விளக்கை மட்டும் எரியவிட்டு, சிவப்புப் பொட்டு மினுக்குவதை 6 நிமிடம் எண்ணுங்கள். 32 முறை மினுக்கினால் அது 100 வாட் விளக்கு.