கைவிடவும் விடாத அணி

2023 செப்டம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கொழும்பு பிரேமதாச மைதானத்தில் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டம். தொடர் முழுக்க மழை படுத்திய பாட்டில், இந்த ஆட்டமாவது ஒழுங்காக நடக்குமா என்பதுதான் எல்லோருக்கும் கவலை. அன்றும் மழை வந்தது, ஆட்டம் 40 நிமிடம் தாமதமானது. ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில், அந்த மழை திரும்பி வராதா என்று இலங்கை ரசிகர்கள் வானத்தைப் பார்த்திருந்தால் ஆச்சரியமில்லை. முகமது சிராஜ் ஒரே ஓவரில் நான்கு விக்கெட் எடுத்தார். 12 ரன்னுக்கு 6 விக்கெட். 15.2 ஓவரில் 50 ரன்னுக்கு மொத்த அணியும் காலி. இந்தியா 6.1 ஓவரில் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பியது. ஒரு இறுதி ஆட்டம், 129 பந்துகளில் முடிந்துபோனது. ஆட்ட நாயகன் பரிசுப் பணம் 5,000 டாலரை சிராஜ் மைதானப் பணியாளர்களுக்கே கொடுத்துவிட்டார். அந்தத் தொடரில் கொழும்பில் அதிகம் உழைத்தவர்கள் அவர்கள்தான்.

சரி, ஒரு மோசமான நாள் என்று விட்டுவிடலாம். விட முடியவில்லை. ஏழு வாரத்துக்குள் உலகக் கோப்பையில் அதே இந்தியா, மும்பை வான்கடே மைதானம். இந்தியா 357 எடுத்தது. இலங்கையின் முதல் பந்திலேயே பத்தும் நிசங்க அவுட். 3 ரன்னுக்கு 4 விக்கெட், 14 ரன்னுக்கு 6 விக்கெட், கடைசியில் 55. தோல்வி 302 ரன் வித்தியாசத்தில். 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மஹேல ஜயவர்தன சதம் அடித்து, இலங்கை கடைசிவரை போராடித் தோற்றதும் இதே மைதானத்தில்தான்.

அந்த 55 ரன் ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பு, அக்டோபர் 30 அன்று, பெர்சி அபேசேகர கொழும்பில் காலமாகியிருந்தார். வயது 87. இலங்கை கிரிக்கெட்டை நேரில் பார்த்த யாருக்கும் இந்தப் பெயரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கையில் பெரிய சிங்கக் கொடி, வாயில் சட்டென்று கட்டும் எதுகை மோனை முழக்கங்கள். பேட் பிடிப்பவர் உள்ளே வரும்போது கூடவே ஓடிப்போய் ஆடுகளம் வரை விட்டுவிட்டு வருவார். இன்றைக்கு அப்படி ஒருவர் ஓடினால் பாதுகாவலர்கள் பாதி வழியிலேயே அமுக்கிவிடுவார்கள். எதிரணி நன்றாக ஆடினால் அவர்களுக்கும் ஒரு வாழ்த்து உண்டு. உடம்பு முடியாமல் வீட்டோடு இருந்த அவரை அந்த ஆசியக் கோப்பை சமயத்தில் ரோகித் சர்மா வீடு தேடிப் போய்ப் பார்த்தார். இலங்கை கிரிக்கெட் வாரியமும் மருத்துவச் செலவுக்கு 50 லட்சம் ரூபாய் கொடுத்தது. பெர்சி இறந்த அன்றுதான் புனேயில் ஆப்கானிஸ்தானிடம் இலங்கை 7 விக்கெட்டில் தோற்றது.

பெர்சி கொடி பிடித்த காலத்தில் இலங்கை தோற்பது செய்தியே இல்லை. 1987 உலகக் கோப்பையில் ஆடிய ஆறு ஆட்டங்களிலும் தோற்ற அணி அது. ஒரு டிரா கிடைத்தால் கொண்டாட்டம், ஒரு வெற்றி கிடைத்தால் வருடம் முழுக்கப் பேச்சு. அந்தத் தலைமுறை ரசிகருக்குத் தோல்வி வலித்தாலும் ஏமாற்றமாக இருக்கவில்லை, எதிர்பார்த்தால்தானே ஏமாற்றம்.

எதிர்பார்ப்பை வளர்த்துவிட்டது 1996 மார்ச் 17. அந்த வருட உலகக் கோப்பை தொடங்குவதற்கு முன்பு கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்ததால், ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் அங்கே வந்து ஆட மறுத்துவிட்டன. அதே ஆஸ்திரேலியாவை லாகூர் இறுதி ஆட்டத்தில் 7 விக்கெட் வித்தியாசத்தில் வென்று அர்ஜுன ரணதுங்க கோப்பையைத் தூக்கினார். அரவிந்த டி சில்வா மூன்று விக்கெட், இரண்டு கேட்ச், ஆட்டமிழக்காமல் 107. அந்தத் தொடரில் முதல் 15 ஓவரில் சனத் ஜயசூரியவும் களுவிதாரணவும் அடித்த அடியில் ஒருநாள் கிரிக்கெட் ஆடும் முறையே மாறியது. அதன்பின் 2007, 2009, 2011, 2012 என நான்கு உலக இறுதி ஆட்டங்கள். நான்கிலும் தோல்விதான், ஆனாலும் இறுதி வரை போன தோல்விகள். 2014-ல் டாக்காவில் இந்தியாவை வீழ்த்தி டி20 கோப்பையையும் எடுத்தார்கள். இரண்டு கோடிச் சொச்சம் மக்கள் கொண்ட ஒரு தீவுக்கு இது சாதாரண விஷயமில்லை.

பிறகு ஆட்கள் கிளம்பினார்கள். முரளிதரன் 2010-லேயே காலியில் 800-வது விக்கெட்டை எடுத்த கையோடு டெஸ்ட்டிலிருந்து விடைபெற்றிருந்தார். 2015-க்குள் மஹேலவும் சங்கக்காரவும் போனார்கள். எந்த அணிக்கும் இந்த நாள் வரும். தயாராக இருந்த அணிகள் இரண்டு வருடம் தடுமாறி எழுந்துகொள்கின்றன. இலங்கையில் அந்தத் தடுமாற்றமே வழக்கமாகிப்போனது.

2017-ஐ எடுத்துக்கொள்ளலாம். மார்ச் மாதம் வங்கதேசம் தன் நூறாவது டெஸ்ட்டைக் கொழும்பில் ஆடி இலங்கையை வென்றது. ஜூலையில் ஜிம்பாப்வே வந்து ஒருநாள் தொடரை 3-2 என்று தட்டிக்கொண்டு போனது. ஏஞ்சலோ மேத்யூஸ் கேப்டன் பதவியை விட்டார். அடுத்து இந்தியா வந்தது. டெஸ்ட், ஒருநாள், டி20 எல்லாம் சேர்த்து ஒன்பது ஆட்டங்கள், ஒன்பதும் தோல்வி. ஐந்து ஒருநாள் ஆட்டங்களுக்கு தரங்க, கபுகெதர, மாலிங்க என்று மூன்று கேப்டன்கள். தம்புள்ளையில் ஒரே விக்கெட்டை இழந்து 139 எடுத்திருந்த அணி 216-க்குச் சுருண்டது. ஆத்திரத்தில் ரசிகர்கள் அணியின் பேருந்தை மறித்துக் கூச்சல் போட்டார்கள். அவர்களை அமைதிப்படுத்த சங்கக்கார வேண்டுகோள் விடுக்க வேண்டியிருந்தது.

கேட்டவர்கள் குறைவு. அடுத்த வாரம் பல்லேகலையில் இந்தியா வெல்ல எட்டே ரன் தேவைப்பட்டபோது மைதானத்துக்குள் தண்ணீர் போத்தல்கள் பறந்தன. அரை மணி நேரத்துக்கு மேல் ஆட்டம் நின்றது. அந்த இடைவெளியில் தோனி ஆடுகளத்துக்குப் பக்கத்திலேயே மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். போத்தல் எறிந்தது அசிங்கம், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் தங்கள் கோபத்தின் உச்சத்தில் எதிரணி வீரர் ஒரு குட்டித் தூக்கம் போடுவதைப் பார்க்க நேர்ந்த ரசிகரின் நிலையையும் நினைத்துப் பார்க்கலாம்.

அந்த வருடத்தின் கடைசிக் காட்சி இன்னும் விசேஷம். டிசம்பரில் ஒருநாள் தொடருக்காக இந்தியா கிளம்பிய ஒன்பது வீரர்களை விளையாட்டுத் துறை அமைச்சர் தயாசிறி ஜயசேகர பயணம் போகவிடாமல் தடுத்துவிட்டார். தேர்வுப் பட்டியலுக்கு அவருடைய ஒப்புதல் வாங்கவில்லையாம். இது அமைச்சரின் தனிப்பட்ட அடாவடி என்று நினைத்தால் தவறு. 1973-ம் ஆண்டு விளையாட்டுச் சட்டப்படி, இலங்கையின் எந்தத் தேசிய அணியும் அமைச்சரின் கையெழுத்தோடுதான் நாட்டை விட்டுப் போக முடியும். யார் ஓப்பனிங் ஆடுவது என்பது வரை அரசியல் எட்டிப் பார்ப்பதாக ரசிகர் சந்தேகப்பட்டால், அந்தச் சந்தேகத்துக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

மறுபக்கம் வாரியம். அதன் தேர்தலில் வாக்களிப்பவை கிளப்புகளும் மாவட்டச் சங்கங்களும். வாக்கு வேண்டும் என்றால் கிளப்புகளைச் சந்தோஷமாக வைத்திருக்க வேண்டும். அதனால்தான் முதல்தரக் கிரிக்கெட்டில் இருபதுக்கும் மேற்பட்ட கிளப்புகள் வந்து நின்றன. அத்தனை அணிகளில் திறமை சிதறும்போது உள்ளூர் ஆட்டத்தில் சதம் அடிப்பவர் நல்ல பந்துவீச்சைச் சந்தித்துத்தான் அடித்தாரா என்று யாருக்கும் தெரியாது. வான்கடேயின் புதுப்பந்துதான் அதைச் சொல்கிறது. 1996-க்குப் பிறகு பணம் வந்ததும் நிர்வாகம் எப்படிக் கெட்டது என்பதை, 2011-ல் அணியில் ஆடிக்கொண்டிருக்கும்போதே லண்டன் லார்ட்ஸில் நிகழ்த்திய உரையில் சங்கக்கார வெளிப்படையாகப் பேசினார். உலகம் எழுந்து நின்று கைதட்டியது. உள்ளூரில் அமைச்சர் விசாரணைக்கு உத்தரவிட்டார்.

அமைச்சர், வாரியம் என்ற இந்த இரண்டு தரப்பும் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் 2023 நவம்பர் காட்டிவிட்டது. 55 ரன் ஆட்டத்துக்குப் பிறகு வாரியத்தின் மீது கோபம் கொதித்தது. 6-ம் தேதி அமைச்சர் ரொஷான் ரணசிங்க வாரியத்தையே கலைத்து ரணதுங்க தலைமையில் இடைக்காலக் குழு போட்டார். அதே நாள் டெல்லியில் நடந்த உலகக் கோப்பை ஆட்டத்தில் ஹெல்மெட் பட்டி அறுந்து, வேறொன்று வருவதற்குள் மேத்யூஸுக்கு ‘டைம்டு அவுட்’ கொடுக்கப்பட்டது. சர்வதேச கிரிக்கெட்டில் அப்படி அவுட் ஆன முதல் ஆள் அவர். 7-ம் தேதி நீதிமன்றம் இடைக்காலக் குழுவுக்குத் தடை விதித்தது. 9-ம் தேதி நாடாளுமன்றத்தில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் அதிசயமாக ஒன்றுசேர்ந்து வாரியம் விலக வேண்டும் என்று தீர்மானம் போட்டன. 10-ம் தேதி அரசுத் தலையீடு என்று சொல்லி ஐசிசி இலங்கையை இடைநீக்கம் செய்தது. மாத முடிவுக்குள் அமைச்சரின் பதவி போனது. இலங்கையில் நடக்க வேண்டியிருந்த இளையோர் உலகக் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போனது. தடை நீங்க 2024 ஜனவரி கடைசி வரை ஆனது. யாரைத் திட்டுவது என்று ரசிகர் முடிவு செய்வதற்குள், திட்ட வேண்டியவர்கள் பட்டியல் தினமும் மாறிக்கொண்டிருந்தது.

இதே ரசிகர்களுக்கு இன்னொரு முகமும் உண்டு. 2021-ல் இங்கிலாந்தில் டி20 தொடரை 3-0 என்று இழந்ததும், வீரர்களின் முகநூல் பக்கங்களைப் பின்தொடர்வதை நிறுத்துவோம் என்று ஓர் இயக்கமே நடத்தினார்கள். அடுத்த சில நாள்களில் டர்ஹாமில் மூன்று வீரர்கள் கொரோனாக் கட்டுப்பாட்டை மீறி வெளியே சுற்றிய விவகாரம் வெடித்து அந்தக் கோபத்தை நியாயப்படுத்தியது. ஆனால் அடுத்த வருடம் பெட்ரோலும் மருந்தும் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற ஜூன் மாதம், கொழும்பில் கடைசி ஒருநாள் ஆட்டத்துக்கு அந்த மக்கள் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். இந்த நிலையிலும் எங்கள் நாட்டுக்கு வந்து ஆடினீர்களே என்று ஆஸ்திரேலியாவுக்கு நன்றி சொல்வதற்காக. சில நாள்கள் கழித்து காலிக் கோட்டைச் சுவரில் அதிபருக்கு எதிரான முழக்கம், கீழே மைதானத்தில் சந்திமாலின் இரட்டைச் சதம். ஆஸ்திரேலியாவுக்கு எதிரான அந்த டெஸ்ட்டில் இலங்கை இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. செப்டம்பரில் துபாயில் பாகிஸ்தானை வீழ்த்தி ஆசியக் கோப்பையையும் வென்றது.

தமிழ் ரசிகர்களின் கணக்கு இன்னும் சிக்கலானது. இலங்கையின் முதல் டெஸ்ட் 1982-லும், முதல் டெஸ்ட் வெற்றி 1985-லும் நடந்தது கொழும்பு பி. சரவணமுத்து மைதானத்தில், முரளிதரன் ஆடிய தமிழ் யூனியன் கிளப்பின் மண்ணில். யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் சென் ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் ‘வடக்கின் பெரும் போர்’ 1904-லிருந்து நடந்துவருகிறது. இருந்தும், போர்க் காலத்தின் கசப்பில் தேசிய அணியை ‘நம்ம அணி’ என்று சொல்ல நா எழாதவர்கள் வடக்கில் ஏராளம். லங்கா பிரீமியர் லீக்கில் யாழ்ப்பாணத்தின் பெயர் தாங்கிய அணி முதல் ஐந்து பருவங்களில் நான்கு முறை கோப்பையை வென்றபோதுதான், ஒளித்து வைக்காமல் கொண்டாட ஓர் அணி பலருக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்துச் சுழல் பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த் 2024 ஐபிஎல்லில் ஹைதராபாத்துக்கு ஆடினார். இலங்கைத் தேசிய அணியில் அவருக்கு நிலையான இடம் இன்னும் அமையவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏன் பார்க்கிறார்கள்? அணி முழுசாகச் செத்துவிட்டால் ரசிகர் துக்கம் அனுசரித்துவிட்டு வேறு வேலை பார்ப்பார். இந்த அணி அதற்கு விடுவதில்லை. 2024 ஜூனில் நியூயார்க்கில் 77-க்கு அவுட் ஆகி டி20 உலகக் கோப்பையின் முதல் சுற்றிலேயே வெளியேறினார்கள். ஜூலையில் பெண்கள் அணி, ரசிகர்கள் பேருந்தை மறித்த அதே தம்புள்ளையில் இந்தியாவை வென்று ஆசியக் கோப்பையை முதன்முறையாக எடுத்தது. ஆகஸ்டில் ஆண்கள் அணி ரோகித், கோலி ஆடிய இந்தியாவை ஒருநாள் தொடரில் 2-0 என்று வென்றது. 27 வருடத்துக்குப் பிறகு! அணியில் கடைசி நேரத்தில் சேர்க்கப்பட்ட வாண்டர்சே ஒரே ஆட்டத்தில் ஆறு விக்கெட் எடுத்தார். செப்டம்பரில் லண்டன் ஓவலில் டெஸ்ட் வெற்றி, காலியில் நியூசிலாந்துக்கு எதிராக இரண்டு வெற்றி. பயிற்சியாளர் நாற்காலியில் அப்போது 1996-ன் ஜயசூரிய. எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊரே நம்பத் தொடங்கிய நவம்பரில், டர்பன் டெஸ்ட்டில் 42-க்கு ஆல் அவுட். இலங்கையின் டெஸ்ட் வரலாற்றிலேயே மிகக் குறைந்த ஸ்கோர். மார்கோ யான்சன் 13 ரன் கொடுத்து 7 விக்கெட்.

2025 பிப்ரவரியில் ஆஸ்திரேலியா மறுபடி கொழும்புக்கு வந்தது. இரண்டு ஒருநாள் ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் அசலங்கவின் தனி ஆள் சதத்தால் 49 ரன் வெற்றி. 14-ம் தேதி நடந்த இரண்டாவதில் ஆஸ்திரேலியா 107-க்குச் சுருண்டு, இலங்கைக்கு 174 ரன் வெற்றி. ஐந்தே நாளில் கராச்சியில் சாம்பியன்ஸ் டிராபி தொடங்கியது. எட்டு அணிகள் ஆடிய அந்தப் போட்டியில் ஆஸ்திரேலியா அரையிறுதி வரை போனது. 2023 உலகக் கோப்பையில் ஒன்பது ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று ஒன்பதாவது இடத்தில் முடித்ததால், இலங்கைக்கு அதில் இடமே இல்லை.